மூடி வைத்த துரும்பு

1

சர்ர்ர்... டப்.

சீட்டுக் கட்டை இரண்டாய்ப் பிளந்து, இரு பெருவிரலாலும் வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சரியவிட்டு, கடைசியில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள் சானெ. ஒல்லாந்தின் டெவென்டர் நகரத்துச் சமூக மண்டபம். மழைக்கோட்டிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நானோ வாவிக்கரையில் நின்றேன். ஆள் அரவம் கேட்ட நீர்க்காகக் கூட்டம் தண்ணீரை அடித்துக்கொண்டு ஒன்றாக எழும்புமே, அந்தச் சத்தம். மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில், கவிழ்த்துப் போட்ட தோணியின் முதுகில், என் அண்ணன் குணம் காட்ஸ் கலைக்கிற சத்தம்.

சானெக்கு என் வயதில் பாதி இருக்கும். பகலில் பூக்கடை, வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எங்களுக்கு டாரட் சீட்டு வாசிக்கப் பழக்குவாள். எதிர்காலம் பார்க்கிற சீட்டு என்று உலகம் சொல்லும். சானெ அப்படிச் சொல்லவிடமாட்டாள். "இது கண்ணாடி. முகம் பாருங்கள், அவ்வளவுதான்" என்பாள். மேசையைச் சுற்றி நாங்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் கத்துக்குட்டிகள். டச்சும் அரைகுறை, டாரட்டும் அரைகுறை என்று இரண்டு குறையோடு போனவள் நான் ஒருத்திதான்.

முதல் நாள் சானெ நாலு சீட்டை வரிசையாக வைத்தாள். கோப்பை, காசு, தடி, வாள். "உங்களுக்குத் தெரிந்த விளையாட்டுச் சீட்டோடு சேர்த்து ஞாபகம் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் தொட்டாள். "கோப்பை என்றால் ஹார்த்தன். காசு என்றால் ரௌதன். தடி, கிளாவரன். வாள், ஸ்ஹொப்பன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆடுதன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன்! அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும் தோணி முதுகில் அடித்து அடித்துச் சொல்கிற சொற்கள். நான் அதையெல்லாம் சுத்தத் தமிழ் என்று நினைத்து வளர்ந்தவள். ஆடுதன் என்றால் ஆடுகிறவன், உருவித்தன் என்றால் உருவுகிறவன் என்று எனக்குள்ளேயே இலக்கணம் வகுத்து வைத்திருந்தேன். இங்கே வந்த காலம் முழுக்க இந்த டச்சு என் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டு கிடந்தது. அதில் நாலு சொல் சின்ன வயதிலேயே என் வீட்டில் சோறு தின்று வளர்ந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

விளக்கிச் சொன்னேன். எங்கள் ஊரில் உங்கள் ஆட்கள் பிடித்துத் திரும்பக் கட்டின கோட்டை இருக்கிறது, வாவிக்குப் பக்கத்தில் என்றேன். முன்னால் இருந்த ஒரு பெரியவர் முகம் சிவந்து, "அதற்காக வருந்துகிறேன்" என்றார், தானே கல் சுமந்து கட்டியவர் மாதிரி.

"பரவாயில்லை. கறுவாப்பட்டையைக் கொண்டு போனீங்கள், காட்ஸை விட்டிட்டுப் போனீங்கள்" என்றேன். அன்றைக்குத்தான் நான் டச்சில் சொன்ன பகிடிக்கு முதன்முதலாக ஆட்கள் சிரித்தார்கள்.

2

இந்தக் கட்டு எனக்கு வந்ததே ஒரு பிழையால்தான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிற நான், மகள் கயல். முன்னூற்றிநாலு என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்துக்கு நாலு கை வேண்டும். அது தெரியாத ஆள் உங்களில் இருக்கமாட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நாலாவது கை சேரவில்லை. இருந்தாலும் ஆசை விடாது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கயல் கேட்டபோது, "ஒரு கட்டு காட்ஸ் வாங்கித் தா புள்ள" என்றேன். அவள் கடையில் இருந்ததிலேயே வடிவானதாகப் பார்த்து வாங்கி வந்தாள். பிரித்துப் பார்த்தால் ஆடுதனும் இல்லை, கலாவரையும் இல்லை. நாயோடு ஒருத்தன் மலை விளிம்பில் நிற்கிறான். இடி விழுந்து கோபுரம் எரிகிறது. முழு நிலவுக்குக் கீழே குளத்திலிருந்து ஒரு இறால் ஏறி வருகிறது.

"இதென்ன புள்ள, இறாலெல்லாம் வருது?"

"படம் நல்லா இருக்கு அம்மா. அதான்."

நல்லாத்தான் இருந்தது. அந்த இறாலுக்காகவே நான் வகுப்பில் சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

கயலுக்கு அந்தப் பெயரை மீன் என்றுதான் வைத்தோம். டச்சுக்காரர் வாயில் முதல் எழுத்து நீண்டு 'காயல்' ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மீனைப் பெற்று அனுப்பினேன், வாவியாய்த் திருப்பித் தந்தார்கள். பெயர் செய்த வேலையோ என்னவோ, அவள் படித்ததும் தண்ணீரைப் பற்றித்தான். உப்பும் நன்னீரும் கலக்கிற இடங்களில் என்ன முளைக்கும், என்ன சாகும் என்கிற படிப்பு.

அவளுடைய தமிழ் கேட்க இனிப்பாக இருக்கும். ஒரே ஒரு குறை, அதில் எதிர்காலம் கிடையாது. நாளைக்கு நடக்கப் போவதையும் நடந்து முடிந்த மாதிரித்தான் சொல்லுவாள். "அடுத்த கிழமை சோதினை எழுதினனான்." "பின்னேரம் மழை பெய்தது, குடை கொண்டு போங்க." நான் விடமாட்டேன். "எழுதுவன்." "பெய்யும்." சின்ன வயதில் திருப்பிச் சொன்னாள். வளர்ந்தபின் கண்ணை உருட்டினாள். நான் திருத்துவதை மட்டும் நிறுத்தவில்லை. மகளுக்கும் எனக்கும் இடையில் ஓடுகிற ஒரே தோணி இந்தத் தமிழ்தான், அதில் ஓட்டை விழவிடக் கூடாது என்கிற பிடிவாதம்.

3

வாசிக்கப் பழகுவது லேசில்லை. சானெ முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுவாள். "படத்தில் என்ன தெரிகிறது? அதைச் சொல்லு." நான் உள்ளதைச் சொல்லுவேன். நிலாச் சீட்டு வந்தபோது, "இறால். கறிக்கு நல்லது" என்றேன். கலங்கின மனசையும் மறைந்த பயத்தையும் நான் சொல்லவேண்டும் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். அந்தச் சீட்டைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, "பசியும் ஒரு உணர்வுதான்" என்று எழுதிக்கொண்டாள்.

பெரிய சிக்கல் ராஜாவால் வந்தது. கோப்பை ராஜா வந்தால் எல்லோரும் மரியாதையாக நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு மனசு அசையாது. முன்னூற்றிநாலில் ராஜாவுக்கு மூன்று புள்ளி, சேவகனாகிய ஜாக்குக்கு முப்பது. சேவகன் சீட்டு வந்தால் எனக்குக் கை துள்ளும். "அடிச்சம்!" என்று ஒருநாள் கத்தியும் விட்டேன்.

"உங்கள் நாட்டில் சேவகன் ராஜாவை விடப் பத்து மடங்கு பெரியவனா?" என்று கோட்டைக்கு வருந்திய பெரியவர் கேட்டார்.

"காட்ஸில மட்டும்" என்றேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. சீட்டு விரிக்க முன்னம் கட்டின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிடுவேன். சானெ கவனித்தாள்.

"அது யாருக்கு?"

"அது துரும்பு, மற்றச் சீட்டுகளை வெட்டுகிற சீட்டு. மூடித்தான் இருக்கவேணும்."

"இந்தச் சீட்டெல்லாம் திறப்பதற்குத்தானே?"

"இது ஒன்று மட்டும் இல்லை."

அவள் வற்புறுத்தவில்லை. அந்தக் கதையை அப்போது நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, கயலுக்கும்தான்.

4

ஊரில் போர் முடிந்த வருடத்து மாரிகாலம் அது. ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு கயல் சொன்னாள்:

"அம்மா, நான் மட்டக்களப்புக்குப் போனனான்."

என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "எப்ப? எங்களுக்குச் சொல்லாம எப்ப போன நீ?"

"தை மாசம்."

"எந்தத் தை மாசம்?"

"வாற தை மாசம்."

"போவன் எண்டு சொல்லு புள்ள! நெஞ்சு நிண்டிட்டு."

நின்ற நெஞ்சு மறுபடி ஓடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆறு மாதம். வாவிக்கரைக் கண்டல் மரங்களை, சுனாமி தின்றதையும் மறுபடி முளைத்ததையும், கணக்கெடுக்கப் போகிறாளாம். தனியாக. எந்தச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் அங்கிருந்து வந்தோமோ, எந்தத் தண்ணீர் பிறகு ஊருக்குள் ஏறியதோ, அதற்குள்ளே என் மகள் முழங்கால் அளவு இறங்கி நிற்கப் போகிறாள். போனால் வருவாளா? அந்தக் கேள்வி அன்றைக்கு என் மடியில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

யாழ்ப்பாணத்துச் சுபா அக்கா எங்கள் தெருவில்தான் இருக்கிறா. அவவிடம் சொல்லி அழப் போனேன். அவ நான் டாரட் படிக்கிறதைத்தான் பெரிதாக எடுத்தா.

"ஐயோ, மட்டக்களப்பார் மந்திரத்தால பாயோட ஒட்டிப்போடுவினம் எண்டு எங்கட சனம் சொல்லுறது. இப்ப நீர் சீட்டும் பழகுறீரோ? இனி உம்மட வீட்டில நான் கதிரையிலதான் இருப்பன்."

"ஒட்டுற மந்திரம் தெரிஞ்சா என்ர புள்ளையத்தான் முதல்ல ஒட்டி வைப்பன் அக்கா."

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கிற வழியில் அதே பகிடி என் தலைக்குள் முட்டையிட்டது.

இதற்கிடையில் விசாவுக்கான கடுதாசிகள். இந்த நாட்டுக்காரருக்குக் குடும்பப் பெயர் வேண்டும், எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. வந்த புதிதில், என் வீட்டுக்காரருடைய அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். அது கயல் மேலும் ஒட்டிக்கொண்டது. ஆகவே கடவுச்சீட்டில் என் மகள் செல்வி கந்தப்பன். ஊர்ப் பக்கத்துக் கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டினாலே தலை சுற்றும் என்று சொன்ன என் மாமனார் கந்தப்பன், செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு, படம் பிடித்துக் கைரேகை வைத்து வெளிநாட்டுப் பயணம் போகிறார். விசா அலுவலகத்து யன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "கந்தப்பன் யார்? நீங்களா?" என்று கயலைக் கேட்டார். அவள் ஓம் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போகிறவளுக்குத் துணையாக ஒரு கிழவனாவது போகிறாரே என்று ஆறுதலும் வந்தது.

5

ஒல்லாந்தில் நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, அடுத்த நாளும் விடுமுறை. இரண்டாம் நத்தார் என்பார்கள். எங்களுக்கு அது டிசம்பர் இருபத்தாறு, கடல் வந்த நாள். மற்ற வீடுகளில் மிச்சமிருக்கும் கேக் வெட்டுவார்கள். நாங்கள் விளக்கொன்று கொளுத்தி வைத்துவிட்டு அண்ணனுடைய தொலைபேசிக்குக் காத்திருப்போம். அந்த முறை ஐந்தாவது ஆண்டு.

அன்று மத்தியானம் கயலிடம் சொன்னேன். "வா புள்ள, உனக்குச் சீட்டுப் பார்ப்பம். போறதா வேணாமா எண்டு அது சொல்லட்டும்."

"ஓமா இல்லையா எண்டு கேட்கக் கூடாது எண்டு சானெ சொன்னது தானே?"

"சானெக்குப் புள்ளை இல்லை."

என் திட்டம் இதுதான். கட்டின் மேலே மூன்று சீட்டை அடுக்கி வைத்திருந்தேன். இடி விழுந்து எரிகிற கோபுரம். முதுகில் பத்து வாள் குத்தின மனிதன். கண்ணைக் கட்டிக் கயிற்றால் கட்டி வாள்களுக்கு நடுவே நிறுத்தின பெண். மூன்றும் ஒன்றாக வந்தால் கல்லும் பயணத்தை நிறுத்திவிடும். மேலே இருக்கிற சீட்டு அசையாமல் கலைக்கிற வித்தை அண்ணனுடைய கூட்டத்தில் ஒருவர் செய்வார். பெண்பிள்ளைகளுக்கு அங்கே கை போடமாட்டார்கள். ஆனால் பின்னால் நின்று பார்க்கிறதை யார் தடுத்தார்கள்? பார்த்துப் பார்த்தே பழகினவள் நான்.

கலைத்தேன். சர்ர்ர்... டப். மேலே மூன்றும் அசையவில்லை. அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்த்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு, இதை எப்படிச் சொல்ல, என் கை தானாக நீண்டு கட்டைக் கயலுக்கு முன்னால் வைத்தது. வாயும் தானாகத் திறந்தது.

"வெட்டு."

பங்கிட முன்னம் மற்ற ஆளுக்கு வெட்டக் கொடுக்கவேண்டும். அது நீதி. வெட்டக் கொடுக்காதவனோடு எங்கள் ஊரில் யாரும் காட்ஸுக்கு இருக்கமாட்டார்கள். உலகத்திலேயே கள்ள ஆட்டம் ஆடிக்கொண்டு, அதை வெட்டவும் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கயல் வெட்டினாள். கோபுரமும் வாளும் கயிறும் கட்டின் நடுவயிற்றுக்குள் போய்விட்டன.

முதல் சீட்டைத் திறந்தாள். தோளில் மூட்டையும் பக்கத்தில் நாயுமாக, மலை விளிம்பில் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன். முட்டாள் என்று அதற்குப் பெயர். "இது நான்" என்றாள் கயல். மறுக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது. பனியில் கந்தல் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் நடக்கிறார்கள், ஒருத்தர் காலை இழுத்து இழுத்து. மேலே வெளிச்சமான ஒரு யன்னல். சந்தோசத்தில் என் குரல் உயர்ந்தது. "பார்த்தியா? கஷ்டம்! குளிர்! போகவேணாம் எண்டு சொல்லுது."

"அம்மா, மட்டக்களப்பில பனி பெய்ததா?"

வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அது நாங்க ரெண்டு பேரும். வந்த வருசம். அகதி முகாமில இருந்து கடைக்கு நடந்தம், உன்ர செருப்பு அறுந்தது. அது முடிஞ்ச கதை" என்றுவிட்டுப் போனார்.

மூன்றாவது சீட்டு. ஒரு தோணி. பின்னால் ஒருத்தன் கம்பு ஊன்றித் தள்ளுகிறான். முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண்ணும் பிள்ளையும் முதுகு காட்டி இருக்கிறார்கள். தோணிக்குள் ஆறு வாள் செங்குத்தாய் நிற்கிறது. இந்தப் பக்கம் தண்ணீர் அலையாய் இருக்கிறது. அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது.

"இது குணம் மாமாட தோணி" என்றாள் கயல் மெதுவாக.

நான் எட்டி அந்தச் சீட்டின் ஓரத்தை நேராக்கினேன். வாயைத் திறந்தால் ஓம் என்று சொல்லவேண்டி வரும்.

அவள் விளக்குக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த சீட்டைப் பார்த்தாள். "இதென்ன? நாலாவதா?" கை நீட்டினாள்.

"தொடாதே! அது பொன்னண்ணன்ட."

"அது ஆர்?"

6

சொன்னேன். ஐந்து வருடம் கழித்து முதன்முதலாக.

அண்ணனுக்கு மூன்று கூட்டாளிகள். பொன்னண்ணன் அதில் ஒருத்தர். பெரிய உடம்பு, சின்னக் குரல், துரும்பு வைக்கிறதில் அவரை வெல்ல ஆளில்லை. அது சமாதான காலம், தோணி இரண்டு கரைக்கும் ஓடினது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலு பேரும் வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரை வயல் வட்டைக்குள் இருந்த காவல் குடிலுக்குப் போய்விடுவார்கள். அங்கே அண்ணன் பெண்சாதியான மச்சாளின் சத்தம் கேட்காது. கடல் வந்த அந்த ஞாயிறு பொன்னண்ணன் மட்டும் கடல் பக்கம் போனார். "வலையைப் பார்த்துப்போட்டு அடுத்த தோணியில வாறன். எனக்கும் கையைப் போட்டு வையுங்கடா" என்று சொல்லிவிட்டு.

மூன்று பேரும் நாலு கை போட்டார்கள். தங்கள் கையை எடுத்தார்கள். அவருடைய சீட்டுகள் பாயில் கவிழ்ந்து கிடந்தன. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கரையிலிருந்து சனத்தின் சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது.

மச்சாளும் பிள்ளைகளும் வாவிப் பக்கம் ஓடித் தப்பினார்கள். வீடு போனது. பொன்னண்ணன் வரவில்லை.

நாங்கள் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, செத்துப்போன தொலைபேசியை அழுத்தி அழுத்தி விரல் வீங்கிக் கிடந்தோம். கடைசியில் ஒருநாள் அண்ணன் எடுத்தார். "தங்கச்சி, நான் காட்ஸுக்குப் போய்த் தப்பினன். இனி உன்ர மச்சாள் என்னைக் காட்ஸுக்குப் போகாதே எண்டு சொல்லமாட்டா" என்று சிரித்தார். சிரிப்பு முடியவே இல்லை, அது வேறொன்றாய் மாறிப் போயும் முடியவில்லை.

பள்ளிக்கூடத்து அகதி முகாமில், மரத்துக்குக் கீழே, யாரோ கொடுத்த கட்டை வைத்துத் திரும்பவும் இருந்தார்கள். கலைத்ததும் அடிச் சீட்டைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார்களாம். அது பொன்னண்ணனுடைய துரும்பு, யாரும் திறக்கக் கூடாது என்று. பிறகு சண்டை திரும்ப வந்து தோணி நின்றது. கூட்டாளிகள் வேறு வேறு முகாம்களில் சிதறினார்கள். காட்ஸும் நின்றது. போர் முடிந்த பிறகுதான் மூன்று பேரும் மறுபடி ஒரே பாயில் சேர்ந்தார்கள். மூன்று கை. மூடின சீட்டு ஒன்று.

கயல் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மிச்சக் கட்டைக் கையில் எடுத்து, சும்மா ஒவ்வொன்றாய்த் தள்ளினாள். நடுவில் நின்றாள். கோபுரம், பத்து வாள், கட்டின பெண். ஒன்றன் பின் ஒன்றாக.

"அம்மா."

"என்ன?"

"இது மூண்டும் எப்படி ஒண்டாக் கிடக்கு?"

நான் விளக்குத் திரியைத் தூண்டப் போனேன்.

"அம்மா! கள்ள ஆட்டம் ஆடினீங்களா?" அவள் சிரிக்கத் தொடங்கினாள். "கள்ளமும் ஆடி, வெட்டவும் தந்தீங்களா?" பாயில் உருண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்க, தொலைபேசி அடித்தது.

"என்னகா தங்கச்சி, இந்த நாளில இப்படிச் சிரிக்கிறியள்?" அண்ணன்.

கயல் ரிசீவரைப் பறித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தன் காலங்கெட்ட தமிழில். சொல்லி முடித்து ரிசீவரை என்னிடம் நீட்டினாள். பிறகு அண்ணன் என்னைக் கேட்டார்.

"வெட்டக் குடுத்தியா?"

"ஓம்."

"வெட்டினாளா?"

"ஓம்."

"அப்ப என்னகா கதை? வெட்டின பிறகு வந்த கை வந்ததுதான். மாத்த ஏலா. புள்ளைய அனுப்பு." ஒரு இருமல். "இஞ்ச மூண்டு கிழவனுகள் நாலாவது கைக்கு ஆளில்லாம இருக்கம். அவள் பகல்ல மரத்தை எண்ணட்டும். பின்னேரத்தில வந்து இருக்கட்டும்."

"பொம்புளப் புள்ளைக்குக் கை போடுவியளா? எனக்குப் போட்டதில்லையே!"

"நீ பின்னால நிண்டு அவனுக்கும் இவனுக்கும் கண் காட்டுவாய். உனக்கு எப்படிப் போடுறது?" என்றார். "அவள் நல்ல புள்ள. அனுப்பு."

7

தை வரைக்கும் எங்கள் வீடு காட்ஸ் சாலை ஆனது. டாரட் கட்டிலிருந்து வேண்டாததையெல்லாம் கழித்தேன். குதிரைக்காரன் வெளியே, இரண்டிலிருந்து ஆறு வரை வெளியே, எரிகிற கோபுரமும் இறாலும் முட்டாளும் வெளியே. மிஞ்சினது முப்பத்திரண்டு. கோப்பையை ஆடுதன் என்றேன், வாளை இஸ்கோப்பன் என்றேன். அவள் டச்சுக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். நாலாவது கைக்குச் சுபா அக்கா வந்தா. கதிரையில்தான் இருப்பன் என்றவ பாயிலேயே இருந்தா.

"ஒட்டிப் போட்டுதோ அக்கா?"

"ஒட்டித்தான் போட்டுது. சீட்டைப் போடும், கதைக்காமல்!"

முன்னூற்றிநாலில் கேள்வி கேட்டவர், அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூறினவர், தன் துரும்பைக் கவிழ்த்து வைப்பார், தேவை வரும் வரைக்கும் யாருக்கும் காட்டமாட்டார். அந்த இடம் கயலுக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது. "எல்லாருக்கும் இருக்கு எண்டு தெரியும், என்ன எண்டு தெரியாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒருநாள் என்னை வெட்டி அவள் வென்றபோது, தோற்ற நான் எழும்பி நின்று கை தட்டினேன். இவள் வளர்ந்த இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரம் என்னோடு தமிழில் பேசினது அந்தக் கிழமைகளில்தான். அது பிரியப் போகிற கிழமைகளாக இருந்ததை நினைத்தால் மனசு ஒரு பக்கம் இழுக்கும். மறு பக்கம், "கலாவரை போட்டு வந்தனான், பாருங்க!" என்று அவள் பாயில் அடிக்கிற சத்தம் கேட்டுத் துள்ளும்.

அந்த இரண்டாம் நத்தாரன்று கவிழ்த்து வைத்த சீட்டு மட்டும் எங்கள் கையில் வரவில்லை. பிள்ளையார் படத்துக்குக் கீழே அப்படியே கிடந்தது. ஆடுகிற முப்பத்திரண்டும் குறையாமல் இருந்ததால் அது கழித்ததில் ஒன்று என்று தெரியும், எது என்று நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. தூசி தட்டும்போதும் அதைக் கவிழ்ந்தபடியே தூக்கித் துடைத்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில் சானெயிடம் சொன்னேன், மகள் போகிறாள் என்று. "சீட்டு என்ன சொன்னது?" என்று கேட்டாள்.

"வெட்டக் குடுக்கச் சொன்னது."

அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

8

ஸ்கிபோல் விமான நிலையம். செல்வி கந்தப்பன் வரிசையில் நின்றாள். முதுகில் பெரிய மூட்டை, நாய் மட்டும்தான் இல்லை. வீட்டுக்காரர் மூன்று தடவை கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் அண்ணனுக்குச் சீஸும், மச்சாளுக்குக் கம்பளிச் சால்வையும் கட்டிக் கொடுத்திருந்தேன். செட்டிபாளையத்து வெயிலில் மச்சாள் அதை என்ன செய்வா என்று கயல் கேட்டதற்கு, போர்த்திக்கொண்டு பெருமை பேசுவா என்றேன்.

என் கைப்பைக்குள் அந்தச் சீட்டு இருந்தது, துணியில் சுற்றி. அவளோடு கொடுத்து அனுப்புவதா, என்னோடு வைத்திருப்பதா என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். கொடுத்தால் அவளோடு போய்விடும். வைத்திருந்தால் எனக்குத் திறக்கத் தோன்றும். ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் காட்டினேன். அவள் துணியை விலக்கினாள். சீட்டின் முதுகைத்தான் பார்த்தாள். திரும்பச் சுற்றி என் கைக்குள் வைத்து மூடினாள்.

கட்டிப்பிடித்தாள். என்னை விட உயரம், எப்போது உயர்ந்தாள் என்று தெரியவில்லை. பிறகு நடந்தாள். சோதனை வாசலில் கிறுகித் திரும்பி நின்று, சனத்துக்கு மேலால் கத்தினாள். அவள் பேசத் தொடங்கின நாளிலிருந்து நான் திருத்தாமல் விட்ட ஒரே ஒரு வசனம் அதுதான்:

"திறக்காதீங்க அம்மா! நான் வந்து திறந்தனான்!"